‘எதனால்?’ என்று கேட்டவர்கள்

வெள்ளி இரவு, சென்னை

ஆமை நடைக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் நீலாங்கரைக் கடற்கரையில் வந்து சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல மணலிலேயே நடக்க வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, போனை வெளியே எடுக்கக் கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்களை நடத்திச் சென்ற பெண் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

கடல் ஆமைகளுக்காக இந்தக் கரையில் இரவு நடப்பது 1970களின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் ஆரம்பித்த பழக்கம். 1988-இல் மாணவர்கள் அதைக் கையில் எடுத்து, மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று நடந்த மாணவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பார்கள். ஒரு செட் படித்து முடித்து வேலைக்குப் போக, அடுத்த செட் வந்து நிற்கிறது. சம்பளம் கிடையாது. காடு போச்சு, கடல் போச்சு என்ற செய்திகளையே படித்துப் படித்து மனம் மரத்துப்போயிருந்தது. அந்தச் செய்திகளுக்கு நடுவிலேயே வேலை பார்ப்பவர்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பியிருக்கிறேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

ஒரு மணி வாக்கில் முன்னால் போனவர் கையைத் தூக்கினார். கடலிலிருந்து மேலேறிய தடம் ஒன்று, பக்கத்திலேயே திரும்பி இறங்கிய தடம் ஒன்று. பங்குனி ஆமை வந்து முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தப் பெண் ஒரு மெல்லிய குச்சியால் மணலை அங்கங்கே குத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் குச்சி தடையில்லாமல் இறங்கியது. மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள். முழங்கை வரை உள்ளே போன பிறகு முதல் முட்டை வந்தது. வெள்ளையாக, ஈரமாக, உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. குழியின் வாய் குறுகி, வயிறு அகன்று, குடம்போல் இருந்தது. பின்துடுப்புகளால் மட்டுமே, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓர் ஆமை தோண்டிய குழி அது. நூற்றுச் சொச்சம் முட்டைகளையும் புரட்டாமல், குலுக்காமல் எடுத்துத் துணிப்பைக்குள் அடுக்கினார்கள். அப்புறம் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பொரிப்பகத்தில் இதே அளவில் இன்னொரு குழி தோண்டி வைப்பார்களாம். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும்.

ஆமை தேர்ந்தெடுத்த இடத்தை விட்டு ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் போகும் இயல்புள்ளவை. இரவில் கரையைவிடக் கடற்பக்கம்தான் வெளிச்சம் என்றிருந்த காலம் வரை அது சரியாக நடந்தது. இப்போது சாலை விளக்குகள்தான் பிரகாசம். குஞ்சுகள் ஊர்ப்பக்கம் திரும்பி நாய் வாயிலும் வண்டிச் சக்கரத்திலும் போய் மாட்டுகின்றன. “லைட்டை அணைச்சா போதும்க்கா, நாங்க முட்டையைத் தொடவே வேண்டாம்” என்றாள். சீசனில் இரவு விளக்குகளை அணைக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் இவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் முடியாது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது சட்டம். அந்த நாட்களில் இவர்கள் செத்த ஆமைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவு செய்தார்கள். “எண்ணினாத்தான் கேள்வி கேட்க முடியும்” என்று அவள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

சனி, வேடந்தாங்கல்

தூக்கக் கலக்கத்தோடு வந்து சேர்ந்தேன். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் அடைந்து கிடக்கின்றன. இங்கே எனக்குப் பிடித்தது பறவைகளைவிட ஊர்க்காரர்களின் வரலாறு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு உத்தரவே வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பறவையால் வயல், வயலால் ஊர். இந்தக் கணக்கு புரிந்தவர்களுக்குக் காவல் காக்க வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2020-இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் ஆரத்தைக் குறைக்கும் முயற்சி வந்தபோதும் எதிர்ப்பு பலமாக எழுந்தது. இன்று கரையில் டீ விற்ற பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “இந்த ஏரி எங்களுதும்மா” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு, பிச்சாவரம்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கும் அலையாத்திக் காடு இது. துடுப்புப் படகில் போனேன். வாய்க்கால் குறுகக் குறுக இருபுறமும் சுரபுன்னையின் வேர்கள் மேலிருந்து வளைந்து தண்ணீருக்குள் ஊன்றி நிற்கின்றன. விதை மரத்திலேயே முளைவிட்டு, நீளமாகத் தொங்கி, சேற்றில் விழுந்து குத்திட்டு நிற்கும். படகோட்டி அண்ணன் வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. “நக்கிப் பாருங்கக்கா.” உப்பு! மரம் உறிஞ்சிய கடல் நீரின் உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது. காற்றில் காய்ந்து, கல்லுப்பின் சின்னஞ்சிறு துகள்களாக அங்கேயே ஒட்டியிருந்தது. அடுத்து நின்ற தில்லை மரத்தைத் தொட வேண்டாம் என்றார். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

நான் பார்க்க வந்த இடம் உள்ளே இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இந்தக் காட்டைப் பட்டை பட்டையாக, முறைவைத்து மொட்டையாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் காடு திரும்ப வரவில்லை. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதாலும் மாடு மேய்த்ததாலும்தான் காடு அழிந்தது என்று பழி அவர்கள் தலையில் விழுந்தது. பல பத்தாண்டுகள் இப்படியே போயிருக்கிறது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சேற்றுக்குள் இறங்கி அளந்து பார்த்தார்கள். மரம் போனதும் வெயில் நேராக மண்ணில் விழுந்திருக்கிறது. ஈரமும் மக்கும் நிறைந்த மண் காய்ந்து அமிழ்ந்து, நடுவில் பள்ளமாகிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஏறும்போது, உள்ளே வந்த தண்ணீர் வடியும்போது வெளியே போக வழியில்லை. பள்ளத்தில் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அந்த உப்பில் அலையாத்தி விதைகூட முளைக்காது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் வீண்தான்.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓதம் ஏறும்போது எல்லாக் கிளையிலும் தண்ணீர் ஏறி, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். ஓரங்களில் கன்று வைத்தார்கள். வனத்துறையும் நிறுவனமும் ஊர்க்குழுக்களும் சேர்ந்து செய்த வேலை. மண்வெட்டி பிடித்தவர்களில், எந்த ஊர்கள் மேல் பழி விழுந்ததோ அந்த ஊர்க்காரர்களே நிறையப் பேர்.

படகோட்டி அண்ணனின் அப்பா அந்த வாய்க்கால் வேலைக்குப் போயிருக்கிறார். இடுப்பளவு சேற்றில் நின்று வெட்ட வேண்டும். தண்ணீர் ஏறுவதற்குள் கரையேறிவிட வேண்டும். “அப்பா காட்டுறப்ப இது வெறும் பொட்டல்க்கா. உப்புப் பூத்துக் கெடக்கும். நண்டுகூட இருக்காது.” இப்போது அங்கே படகு நுழைய முடியாத அளவுக்கு அடர்த்தி. காட்டையும் அப்பாவையும் பற்றி ஒரே மூச்சில் பெருமையாகப் பேசினார்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள், நேராகக் கடலைப் பார்த்து இருந்த ஊர்கள் அளவுக்குச் சேதப்படவில்லை. அதற்குப் பிறகு காட்டைப் பற்றி ஊருக்குள் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லையாம். வாய்க்கால் மட்டும் தூர்ந்துகொண்டே இருக்கும், தொடர்ந்து தூர் வார வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டுப் போகிற வேலை கிடையாது.

திங்கள், மனோரா

பேருந்து மாறி மாறி வந்ததில் பாதி நாள் போய்விட்டது. மல்லிப்பட்டினம் பக்கத்தில், சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னால் இருப்பது பாக் விரிகுடா. அலையே இல்லை. ஆழம் குறைந்த இந்தக் கடலின் அடியில் கடற்புல் வளர்கிறது. பாசியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள நிஜமான செடி. வெயில் எட்டும் ஆழத்தில்தான் வளரும். இதை மேய்ந்து வாழ்வது கடற்பசு. இங்கே ஆவுளியா என்பார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். அதனால் கொஞ்சம் செத்தாலும் எண்ணிக்கை மீண்டு வர ரொம்பக் காலம் பிடிக்கும்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். அறிவிப்பு காகிதத்தில் இருக்கும். கடலில் இருப்பவர்கள் மீனவர்கள். அவர்கள் மனம் வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

மதியம் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேசினேன். அவர் வலையில் ஒருமுறை ஆவுளியா விழுந்திருக்கிறது. “தாத்தா காலத்துல கறி திம்பாங்க, பங்கு போட்டுக் குடுப்பாங்க. நானும் சின்ன வயசுல தின்னுருக்கேன்.” அன்றைக்கு அது மேலே வர முடியாமல் வலைக்குள் திணறியபோது, மூக்கு ஓட்டை திறந்து திறந்து மூடியதைக் கிட்டத்தில் பார்த்தாராம். கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார். வலை போனது நஷ்டம்தான். இப்படி உயிரோடு விடுகிறவர்களை வனத்துறை கூப்பிட்டுச் சான்றிதழும் ஊக்கத்தொகையும் கொடுக்கிறது. அவருக்கும் கொடுத்தார்கள். ஆனால் அவர் அதைச் சொன்னது கடைசியில், நான் கேட்ட பிறகு. முதலில் சொன்னது அந்த மூக்கைப் பற்றி.

புல் இல்லாவிட்டால் ஆவுளியா இல்லை. இழுவலை அடியைச் சுரண்டிக்கொண்டு போன இடங்களில் புல் போய்விடுகிறது. ஓம்கார் என்ற அமைப்பு இந்தக் கரையில் புல் நடுகிறது. மூங்கிலில் சதுரச் சட்டம் செய்து, குறுக்கும் நெடுக்குமாகத் தென்னங்கயிறு கட்டி, கயிற்றில் புல் துண்டுகளைச் செருகி, கடலடியில் பதித்துவிடுகிறார்கள். புல் வேர்விட்டு மண்ணைப் பிடித்த பிறகு மூங்கிலும் கயிறும் தானாக மக்கிவிடும். பிளாஸ்டிக் எதையும் கடலில் விடாமல், கிராமத்தில் கிடைக்கும் பொருளை வைத்தே செய்யும் இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

செவ்வாய்

முழுக்கப் பேருந்துதான். இரவு மதுரைப் பக்கத்து மேலூரில் அறை எடுத்தேன். நாளை அரிட்டாபட்டி.

புதன், அரிட்டாபட்டி

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலுமாக 193 ஹெக்டேரை அறிவித்தார்கள். ஏழு பாறைக் குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள். குன்றில் தமிழி எழுத்து, சமணப் படுக்கை, பாண்டியர் குடைவரைக் கோயில். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. எறும்புத்தின்னியும் தேவாங்கும் உண்டு.

காலையில் ஒரு பாட்டி எனக்கு வழிகாட்டியாக வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை, “தனியாவா வந்த, தாயி?” என்று கேட்டுக்கொண்டே கூடவே நடக்க ஆரம்பித்தார். பாறைச் சரிவில் ஒரு வெடிப்பைக் காட்டினார். குனிந்து பார்த்தால் உள்ளே தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவு. பாறையில் விழும் மழை எந்த வெடிப்பில் இறங்கி எந்த ஊற்றில் வரும், அது எந்தக் கண்மாய்க்குப் போகும், எந்த மடையில் யார் வயலுக்குப் பாயும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எந்த வரைபடத்தையும் பார்க்காமல் ஓர் ஊரின் நீர்வழி முழுவதையும் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

2024 நவம்பரில், இந்த ஊரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய இரண்டாயிரம் ஹெக்டேர் சொச்சம் நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாயிற்று என்ற செய்தி வந்தது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பக்கத்து ஊர்கள் எல்லாம் திரண்டு மதுரைக்கு நடந்தன. பாட்டியும் போயிருக்கிறார். “கால் வீங்கிப்போச்சு. ஆனா வீட்ல உக்காந்து என்ன செய்ய? மலையை ஒடைச்சுட்டா ஊத்து எங்கிட்டு வரும்?” ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

போராட்டத்தின் பலம் கூட்டத்தில் இருந்தது என்றுதான் வெளியிலிருந்து பார்த்து நினைத்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் கூட்டம் கூடுவதற்குப் பல வருடம் முன்பே சிலர் இந்தப் பாறைகளில் ஏறிப் பறவைகளைப் பட்டியல் போட்டார்கள், ஊற்றுகளை எண்ணினார்கள், கல்வெட்டைப் படித்து எழுதினார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் 2022-இன் அறிவிப்பு வந்தது. ஏலச் செய்தி வந்தபோது, இங்கே இழக்க என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கப் பதில் தயாராக இருந்தது. ஆமைகளை எண்ணும் அந்தப் பெண்ணின் பேச்சு இங்கேதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

வெள்ளி, வால்பாறை

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வழியில் பாறைச் சரிவில் வரையாடுகள் நின்றன. ஓட்டுநர் எனக்காக வேகத்தைக் குறைத்தார்.

சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். நடுவில் தேயிலை. தேயிலைக்குள் ஆங்காங்கே துண்டு துண்டாக மழைக்காடு. யானைகளுக்கு ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியே தோட்டங்கள்தான். யானை தாக்கி ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். யானை ஊருக்குள் வருகிறது, விரட்ட வேண்டும் என்பது எல்லோரும் சொன்ன தீர்வு.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த எம். ஆனந்தகுமாரும் குழுவினரும் ஒவ்வொரு மரணமும் எப்படி நேர்ந்தது என்று விசாரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் யானை அங்கே நிற்பது தெரியாமல் போய்த்தான் மாட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் பேருந்தில் இறங்கி இருட்டில் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு நடந்தவர்கள், முடுக்கில் திரும்பியவர்கள். அப்படியானால் வேண்டியது தகவல். யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று சாயங்காலம் உள்ளூர்க் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள். சுற்றுவட்டாரத்து ஆட்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி போகிறது. முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு. போன் மூலமே எரியவைக்கலாம். அதை எரியவைக்கும் பொறுப்பில் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2015-இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகக் கொடுக்கப்படும் விட்லி விருது கிடைத்தது.

நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். இரவு ஏழரைக்கு அவர் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, “மேல் டிவிஷன்ல நிக்குதாம், குட்டியோட” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார். அங்கிருந்து “சரிக்கா” என்று பதில் வந்தது. அவ்வளவுதான், திரும்பவும் சமையலைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் குரலில் பயம் இல்லை. குட்டியோடு என்று சொன்னபோது கொஞ்சம் கரிசனம்கூட இருந்தது.

சனி, வால்பாறை

இன்று நாற்றங்கால். ஆனந்தகுமாரின் அதே அமைப்பு, தேயிலைக் கம்பெனிகளோடு பேசி, சிதைந்துபோன சோலைத் துண்டுகளை இருபது வருடங்களுக்கு மேலாகச் சரிசெய்து வருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட வகை உள்ளூர் மரங்களை வளர்க்கிறார்கள். விதையைக் காட்டுக்குள்ளிருந்து எடுப்பதில்லை. அது காட்டுக்கே வேண்டும். சாலை ஓரத்திலும் எஸ்டேட்டிலும் விழுந்து வீணாகப் போவதைத்தான் பொறுக்குகிறார்கள். நடுவதற்கு முன்னால் உண்ணிச்செடிப் புதரை வேரோடு எடுக்க வேண்டும். எந்த மரம் நிழலில் வரும், எது வெயில் தாங்கும் என்று பார்த்து இடம் ஒதுக்க வேண்டும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) சாலையைக் கடக்கும்போது அடிபடாமல் இருக்க, தீயணைப்புக் குழாய்த் துணியில் செய்த பாலங்களை மரத்துக்கு மரம் கட்டியிருக்கிறார்கள். தாய் மந்தி ஒன்று வயிற்றில் குட்டி தொங்க, அதன்மேல் வெகு சாதாரணமாக நடந்து போனதைப் பார்த்தேன்.

நாற்றங்காலில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வெடிப்பலாக் கன்றுகளைக் காட்டினார். அதன் பூ சோலைமந்திக்கு முக்கியமான உணவு. இது பெரிய மரமாக எத்தனை வருடம் ஆகும் என்றேன். “நம்ம காலத்துல ஆகாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த பைக்கு மண் நிரப்பப் போனார்.

மழைக்காட்டு விதைகளில் பலவற்றை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. விழுந்த சில நாட்களில் விதைக்காவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். அதனால் விழுகிற நேரத்தில் போய்ப் பொறுக்கியாக வேண்டும். நாளை காலை ஆறு மணிக்கு எஸ்டேட் சாலைப் பக்கம் போகிறார்களாம். கூட ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் அந்த அக்கா. காலைப் பேருந்தில் பொள்ளாச்சி இறங்குவதாக இருந்தேன். மதியப் பேருந்துக்கு மாற்றிக்கொண்டேன்.